ஜப்பானின் அடித்தட்டு மானியம்: விண்ணப்பிக்க விரும்பும் தொண்டு அமைப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஜப்பான் வெளியுறவு அமைச்சகம், வளரும் நாடுகளில் உள்ள தன் தூதரகங்கள் வழியாக, ஊர்மட்டத்தில் பணியாற்றும் தொண்டு அமைப்புகளுக்கு நேரடியாக நிதி வழங்கி வருகிறது. ‘அடித்தட்டு மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான மானிய உதவி’ என்பது இதன் முழுப்பெயர். 1989இல் சிறு மானிய உதவி என்ற அளவில் தொடங்கிய இத்திட்டம், 2003இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அமர்த்தியா சென்னும் சடாகோ ஒகாட்டாவும் இணைத்தலைவர்களாக இருந்த மனிதப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். பசி, நோய், போர், கல்லாமை ஆகியவற்றிலிருந்து தனிமனிதரைக் காப்பதே பாதுகாப்பு என்ற அந்தச் சிந்தனையைத் திட்டத்தின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடகிழக்கிலும் நல்ல வேலை செய்யும் சிறிய அமைப்புகள் பல இத்திட்டத்துக்குத் தகுதியுள்ளவை. ஆனால் அவற்றுள் பல விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பிப்பவையும் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகின்றன. என்ன வாங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, விலை விசாரித்து, படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தூதரக அலுவலர் விண்ணப்பத்தில் தேடுவதோ வேறு. வாங்கிக் கொடுத்த பொருளை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் யார் இயக்குவார்கள், எந்தப் பணத்தில் இயக்குவார்கள் என்பதற்கு அவர் விடை தேடுகிறார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளது.

எந்தக் கதவைத் தட்டுவது

சென்னை மெட்ரோ ரயிலுக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் ஜப்பான் பணம் வந்தது பலருக்கும் தெரியும். அது ஜைக்கா எனப்படும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை வழியாக அரசுக்கு வந்த கடன். நாம் பேசும் மானியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த மானியத்தை வெளியுறவு அமைச்சகம் தருகிறது; தூதரோ துணைத் தூதரோ அமைப்பின் தலைவரோடு நேரடியாக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்; இடையில் மாநில அரசோ ஒன்றிய அரசோ பணத்தைக் கையில் வாங்குவதில்லை. தமிழ்நாடு, புதுச்சேரியைச் சேர்ந்தவர்கள் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். இலங்கையில் உள்ளவர்கள் கொழும்புத் தூதரகத்தை அணுக வேண்டும்.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தூதரகத்தில் ஆள் தெரியும், மானியம் வந்ததும் இத்தனை விழுக்காடு கொடுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். மானியத்தில் ஒரு ரூபாயைக்கூட அத்தகைய தரகுக்குக் கணக்கில் காட்ட முடியாது. காட்டாமல் கொடுத்தால் அது முறைகேடு.

ஒரு திட்டத்துக்கான தொகை நீண்ட காலமாகப் பொதுவாக 1 கோடி யென் என்ற வரம்புக்குள் இருந்து வந்துள்ளது. சிறப்புத் தேவை உள்ள பணிகளுக்கு 10 கோடி யென் வரை உயர்த்தவும் விதியில் இடம் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஒரு யென்னின் மதிப்பு ஐம்பது பைசாவுக்கும் அறுபத்தைந்து பைசாவுக்கும் இடையே இருந்ததால், 1 கோடி யென் என்பது ஐம்பது, அறுபது லட்சம் ரூபாய் என்று கொள்ளலாம். வரம்பும் கடைசித் தேதியும் தூதரகத்துக்குத் தூதரகம், ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுவதால், அந்த ஆண்டுக்கான அறிவிப்பைத் தூதரகத்தின் இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். வேறோர் அமைப்பு சென்ற ஆண்டு பயன்படுத்திய படிவத்தை வாங்கி நிரப்புவது வீண் வேலை.

முதலில் சட்டவழியைச் சரிசெய்யுங்கள்

இந்தியாவில் வெளிநாட்டு அரசு என்பது சட்டத்தின் பார்வையில் ‘வெளிநாட்டு மூலம்’. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., ஐக்கிய நாடுகள் சபை, அதன் சிறப்பு முகமைகள், உலக வங்கி போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஒரு நாட்டின் தூதரகத்துக்கு அந்த விலக்கு இல்லை. தூதரகம் சென்னையிலேயே இருப்பதாலும், ஒப்பந்தம் சென்னையிலேயே கையெழுத்தாவதாலும் அது உள்நாட்டுப் பணம் ஆகிவிடாது. இந்த ஒரு செய்தியை அமைப்பின் நிர்வாகக் குழுவில் எல்லோரும் தெளிவாகப் புரிந்துகொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

வழிகள் இரண்டு. ஒன்று, உள்துறை அமைச்சகத்தில் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு பெறுவது. இதற்கு அமைப்பு தொடங்கிக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்; கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்காக மொத்தம் 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். காலம் முடிவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிடுமாறு உள்துறை அமைச்சகம் 2025இல் அறிவுறுத்தியுள்ளது. மற்றொரு வழி, முன் அனுமதி. குறிப்பிட்ட கொடையாளரிடமிருந்து, குறிப்பிட்ட தொகையை, குறிப்பிட்ட பணிக்காக மட்டும் பெற அமைச்சகம் ஒருமுறை தரும் அனுமதி அது. இதற்குக் கொடையாளர் தரும் உறுதிக் கடிதம் வேண்டும். தொகையைத் தருவோம் என்ற கடிதம் இல்லாமல் அனுமதி கேட்க முடியாது. அனுமதி கிடைக்குமா என்று தெரியாத அமைப்புக்கு அத்தகைய கடிதத்தை எளிதில் தர எந்தத் தூதரகமும் தயங்கும். ஆகவே நடைமுறையில், ஏற்கெனவே பதிவு பெற்ற அமைப்புக்கே வாய்ப்பு மிகுதி. பதிவு இல்லாதவர்கள் இந்த ஆண்டே மானியத்துக்கு ஓடாமல், முதலில் பதிவுக்கான வேலையைத் தொடங்குவதே சரியானது என்பது என் துணிபு.

2020இல் வந்த திருத்தங்கள் இன்னும் சில கட்டுகளைச் சேர்த்தன. வெளிநாட்டுப் பணம் முதலில் புதுதில்லி நாடாளுமன்ற வீதியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அமைப்பின் பெயரில் உள்ள கணக்கில்தான் வந்து விழ வேண்டும். அங்கிருந்து உள்ளூர் வங்கியில் உள்ள பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றிச் செலவிடலாம். நிர்வாகச் செலவு, பெற்ற தொகையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பொறுப்பாளர்கள் ஆதார் எண் தர வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடுமையானது, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதற்கான தடை. முன்பெல்லாம் மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய அமைப்பு பணத்தைப் பெற்று, மலையோரத்திலும் கடலோரத்திலும் உள்ள சிறிய மகளிர் குழுக்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பகிர்ந்தளிப்பது வழக்கமாக இருந்தது. இப்போது இரண்டு தரப்பும் பதிவு பெற்றிருந்தாலும் அது கூடாது. மக்களோடு மிக நெருக்கமாக நிற்கும் சின்னஞ்சிறு அமைப்புகளைத்தான் இந்தத் தடை அதிகம் பாதித்துள்ளது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் சட்டம் சட்டமே. எனவே யாருடைய பெயரில் விண்ணப்பம் போகிறதோ அவர்களே பணத்தைச் செலவிட்டு, அவர்களே சொத்தைப் பராமரிப்பவர்களாக இருக்கும்படி திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் நடைமுறை வேறு. அங்கே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவும், அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தின் மேற்பார்வையும் உண்டு. களப்பணிக்கு மாவட்டச் செயலகத்தோடும் பிரதேச செயலாளரோடும் முன்கூட்டியே இணக்கம் பெற்றுக்கொள்ள வேண்டும். வடக்கில் இந்த மானியம் நன்கு அறியப்பட்டதற்குக் காரணம் கண்ணிவெடி அகற்றும் பணி. ஹேலோ டிரஸ்ட், மேக் ஆகிய பன்னாட்டு அமைப்புகளும், டேஷ், ஷார்ப் ஆகிய இலங்கை அமைப்புகளும் இம்மானியத்தைப் பெற்று வடமாகாண நிலங்களை மீட்டுக் கொடுத்திருக்கின்றன. பொது வரம்பை மீறிய தொகை தரப்படும் பணிகளுக்கு அதுவே சிறந்த எடுத்துக்காட்டு. வெடிகள் அகன்ற பிறகே ஒரு குடும்பம் தன் காணிக்குத் திரும்பி வீடு கட்டவும் விதைக்கவும் முடியும்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

தொடக்கக் கல்வி, அடிப்படை மருத்துவம், குடிநீர், சுகாதாரம், மாற்றுத்திறனாளிகள் நலன், பெண்களுக்கான தொழிற்பயிற்சி, பேரிடர்த் தடுப்பு ஆகியவை இம்மானியத்தின் இயல்பான களங்கள். தொண்டு அமைப்புகளோடு உள்ளாட்சி அமைப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவையும் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் இலாப நோக்கமுள்ள நிறுவனத்துக்கும் இடமில்லை. அரசியல், மதப் பரப்புரை, இராணுவம் ஆகியவற்றோடு தொடர்புள்ள எதற்கும் இடமில்லை. மத அமைப்பு நடத்தும் மருத்துவமனையோ பள்ளியோ விண்ணப்பித்தால், சேவை எல்லா மதத்தவருக்கும் சமமாகக் கிடைக்கிறது என்பதை எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். உயர்கல்வி ஆய்வு, வணிகம், விண்ணப்பிக்கும் அமைப்பின் சொந்த வளர்ச்சி ஆகியவற்றுக்கும் நிதி கிடைக்காது.

கட்டடம், கருவி, வாகனம், கிணறு, குழாய் போன்ற நிலைத்து நிற்கும் பொருள்களுக்கே பணம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர் சம்பளம், எரிபொருள், மின்கட்டணம், பயணப்படி, உணவு, மருந்து, அலுவலக வாடகை ஆகியவை அமைப்பின் பொறுப்பு. வாங்கிய கருவியைப் பயன்படுத்துவதற்கான பயிற்சி போன்ற சிறு செலவுகளைச் சேர்க்கச் சில வேளைகளில் அனுமதிக்கிறார்கள். ஜப்பானில் பயன்படுத்திய தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், சக்கர நாற்காலி போன்றவற்றைக் கொண்டுவரும் கப்பல் செலவுக்கும் இம்மானியம் பயன்பட்டிருக்கிறது. இது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத வாய்ப்பு.

சம்பளம் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் சிலர் சோர்ந்துபோகிறார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் ஒரு நியாயம் இருப்பது புரியும். ஓராண்டுக்குள் முடியும் மானியத்தில் செவிலியருக்குச் சம்பளம் கொடுத்தால், பதின்மூன்றாவது மாதம் அந்தச் செவிலியர் இல்லை. அதே பணத்தில் பிரசவ அறையைக் கட்டி, செவிலியருக்கான சம்பளத்தை அமைப்பு தன் நிரந்தர வருவாயிலிருந்து கொடுத்தால் அறையும் நிற்கும், செவிலியரும் இருப்பார்.

வரவு செலவுத் திட்டம்: ஒரு கழிப்பறையை முன்வைத்து

இந்த இடத்தில் ஒரு கற்பனை எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஓர் அறக்கட்டளை, முந்நூறு மாணவிகள் படிக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் கழிப்பறைத் தொகுதி கட்ட விரும்புகிறது. பொறியாளர் மதிப்பீட்டின்படி கட்டுமானச் செலவு 40 லட்சம் ரூபாய். யென்னில் பார்த்தால் பொது வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது.

முதல் சிக்கல் வரியில் தொடங்குகிறது. கட்டட ஒப்பந்தப் பணிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்றால், 40 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். பெறும் நாட்டின் வரியை மானியத்திலிருந்து கட்டக் கூடாது என்பது இத்தகைய உதவிகளின் பொது விதி; தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அந்தத் தொகைக்கு வேறு வழி தேடி வைக்க வேண்டும். இலங்கையிலும் 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 விழுக்காடு என்பதால் கணக்கு ஏறத்தாழ இதுவே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் ஏழு லட்சத்துக்கு நன்கொடை திரட்ட அலைவதைவிட, விண்ணப்பத்திலேயே ‘எங்கள் பங்கு’ என்று காட்டி, அதற்கான வங்கி இருப்பையோ நன்கொடையாளரின் கடிதத்தையோ இணைத்துவிடுவது அமைப்பின் மதிப்பை உயர்த்தும்.

அடுத்தது விலைப்புள்ளி. ஒவ்வொரு வேலைக்கும் பொருளுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நிறுவனங்களிடமிருந்து கொட்டேஷன் வாங்க வேண்டும். இதை வெறும் சடங்காக நினைத்து, தெரிந்த ஒப்பந்தக்காரரிடமே மூன்று லெட்டர்பேடுகளில் வாங்கி வருவது நம் ஊர்ப் பழக்கம். மூன்றிலும் ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப்பிழை, ஒரே தேதி, ஒவ்வொரு வரியிலும் ஒரே சீராக ஏறும் விலை என்று இருந்தால், கோப்பைப் புரட்டும் எவருக்கும் அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அதன்பின் விண்ணப்பத்தின் மற்ற பக்கங்களை யார் நம்புவார்கள்? சரியான முறை என்னவென்றால், பொறியாளரைக் கொண்டு அளவுப் பட்டியலை முதலில் தயாரித்து, தளத்துக்கு எத்தனை சதுர மீட்டர் டைல்ஸ், எத்தனை கதவு, எத்தனை குழாய், தொட்டியின் கொள்ளளவு என்ன என்று எழுதி, விலைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு மூவருக்கும் கொடுப்பது. அப்போதுதான் மூன்று விலைகளையும் வரிக்கு வரி ஒப்பிட முடியும். குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஏன் என்று அரைப்பக்கம் எழுதி வைக்க வேண்டும்.

விலை எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே பல மாதங்கள் கழியும். அதற்குள் கம்பியும் சிமெண்டும் ஏறினால் கூடுதல் செலவை அமைப்பே ஏற்க நேரிடும். யென்னின் மதிப்பையும் அன்றைய சந்தை விலையில் போட்டுப் பார்த்து மகிழ வேண்டாம். நிதியாண்டுக்கென ஜப்பான் அரசு வகுத்த மாற்று விகிதத்தையே தூதரகம் பின்பற்றும்.

இப்போது பராமரிப்புக் கணக்கு. முந்நூறு பேர் பயன்படுத்தும் கழிப்பறையை நாள்தோறும் இருமுறை கழுவ ஒருவர் வேண்டும். மாதம் 8,000 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 96,000 ரூபாய். மோட்டாருக்கு மின்சாரம், ஆண்டுக்கு ஒருமுறை கழிவுநீர்த் தொட்டி சுத்தம், கிருமிநாசினி, உடைந்த குழாய், கழன்ற தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தொடும். இதை யார் தருவார்கள்? பள்ளி நிர்வாகம் பாதி, அறக்கட்டளை பாதி என்றால் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் எங்கே? சித்திரை, வைகாசியில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்குமா? இல்லையென்றால் ஊராட்சிக் குழாயிலிருந்து இணைப்புக் கிடைக்குமா? தாழ்ப்பாள் இல்லாத கதவும் தண்ணீர் வராத குழாயும் உள்ள கழிப்பறையை ஒரு மாணவியும் பயன்படுத்தமாட்டாள் என்பதைப் பள்ளிக்கூடம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிவார்கள். அந்த அறிவை விண்ணப்பத்தில் எண்களாக எழுதிக் காட்டுபவர்களே தேர்வாகிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவையும் அதற்கான வருவாயையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போட்டு இணையுங்கள். படிவத்தில் கேட்காவிட்டாலும் இணையுங்கள்.

விண்ணப்பமும் இணைப்புகளும்

படிவத்தோடு அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கத்தின் பதிவுச் சான்றும் துணைவிதிகளும், எஃப்.சி.ஆர்.ஏ. சான்று, கடந்த இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, ஆண்டறிக்கை, திட்ட இடத்தின் வரைபடம், மூன்று விலைப்புள்ளிகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். கட்டடம் என்றால் நிலம் யாருடையது என்பதற்கான ஆவணமும் திட்ட அனுமதியும் வேண்டும். பட்டா நிறுவனரின் தனிப்பெயரில் இருந்தால், அதை முதலில் அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். அல்லது நீண்ட காலக் குத்தகைப் பத்திரத்தைப் பதிவுசெய்யுங்கள். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைக் கொண்டு கட்ட எந்த அரசும் ஒப்புக்கொள்ளாது. தமிழ்ப் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

தேவையை விளக்கும் பகுதியில் நாட்டின் வறுமை பற்றிய பொதுச் செய்திகளை எழுதி நிரப்பாதீர்கள். அந்த ஊரைப் பற்றி எழுதுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர், பேருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது, இப்போது இந்தச் சேவையைப் பெற மக்கள் எங்கே போகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பவற்றை எழுதுங்கள். பயனாளிகளின் எண்ணிக்கையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். வட்டாரத்தின் மொத்த மக்கள்தொகையைப் பயனாளிகள் என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முந்நூறு மாணவிகள் என்றால் முந்நூறு என்றே எழுதுங்கள், ஆண்டுதோறும் புதிதாகச் சேர்பவர்களை வேண்டுமானால் தனியே காட்டுங்கள். பெரிய எண்ணைவிட நம்பக்கூடிய எண்ணே வலுவானது.

கள ஆய்வு

எழுத்தில் தேறிய விண்ணப்பங்களுக்கு, தூதரகத்திலிருந்து அலுவலர் ஒருவரும் திட்ட ஆலோசகர் ஒருவரும் நேரில் வந்து பார்ப்பார்கள். மாலை, மேளம், கலைநிகழ்ச்சி என்று அரைநாளைச் செலவழித்துவிட்டால் அவர்கள் பார்க்க வந்ததைப் பார்க்க நேரம் இருக்காது. கணக்காளர், பொறியாளர், பயனாளிகளில் சிலர், பராமரிப்புக்குப் பொறுப்பேற்பவர் ஆகியோரை வரச்செய்யுங்கள். நிறுவனர் ஒருவரே எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டிருந்தால், அவர் இல்லாவிட்டால் இந்த அமைப்பு என்ன ஆகும் என்ற ஐயம் வருவது இயல்பு. ஏற்கெனவே உங்களிடம் உள்ள கருவிகளையும் வாகனங்களையும் கேட்காமலே காட்டுங்கள். எட்டு ஆண்டு பழைய ஆம்புலன்ஸ் சுத்தமாகவும், அதன் ஓட்டப் பதிவேடு நாள்தவறாமல் எழுதப்பட்டும் இருந்தால், புதிய வண்டிக்கு அதைவிடச் சிறந்த பரிந்துரை வேண்டியதில்லை.

ஆய்வுக்குப் பின் கோப்பு தோக்கியோவுக்குச் செல்லும். இறுதி ஒப்புதல் அங்கேதான். இடையில் கூடுதல் விளக்கங்கள் கேட்டு மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று நாள்களுக்குள் விடை அனுப்ப ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஜப்பானின் நிதியாண்டும் நம்முடையதைப் போல ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், ஆண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தங்கள் குவியும்.

ஒப்பந்தம் முதல் அறிக்கை வரை

ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எதையும் வாங்காதீர்கள், யாருக்கும் முன்பணம் தராதீர்கள். அதற்கு முந்தைய செலவை மானியத்தில் ஈடுசெய்ய முடியாது. பணம் தில்லிக் கணக்குக்கு வந்ததும், இந்தத் திட்டத்துக்கென்றே திறந்த பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றி, அக்கணக்கைப் பற்றி உள்துறை அமைச்சகத்துக்கு உரிய படிவத்தில் தெரிவித்துவிடுங்கள். தனிக்கணக்கு என்பது தூதரகத்தின் நிபந்தனையும்கூட. உள்ளூர் நன்கொடையை அதில் கலக்கக் கூடாது, ஜி.எஸ்.டி. போன்ற உங்கள் பங்குச் செலவுகள் வேறு கணக்கிலிருந்து போகட்டும். இரண்டு நாளைக்குக் கைமாற்றாக எடுத்துப் பிறகு போட்டுவிடலாம் என்று இந்தக் கணக்கைத் தொடவே கூடாது.

வேலையை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தளம் தோண்ட முடியாது என்பதைக் கால அட்டவணை போடும்போதே கணக்கில் கொள்ளுங்கள். மார்ச்சில் ஒப்பந்தமானால், கோடை முழுவதும் கையில் இருக்கிறது. மழைக்கு முன் கூரை போட்டுவிடும்படி திட்டமிடுங்கள். கழிப்பறையின் இடத்தைப் பத்தடி தள்ளிப்போட வேண்டியிருந்தாலும், கருவியின் மாடலை மாற்ற வேண்டியிருந்தாலும், பணம் மிச்சமானாலும், முதலில் தூதரகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெறுங்கள். மாற்றம் நியாயமானதாக இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கேளாமல் செய்த மாற்றத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க ஒப்பந்தத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு.

இடைக்கால அறிக்கையும் நிறைவு அறிக்கையும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் பில், ரசீது, வங்கிப் பரிமாற்றச் சான்று, புகைப்படம் ஆகிய நான்கும் ஒரே எண்ணின் கீழ் இருக்கும்படி கோப்பை அமைத்துக்கொண்டால் அறிக்கை எழுதுவது ஒரு நாள் வேலை. வெளித் தணிக்கையாளருக்கான கட்டணத்தை மானியத்தில் சேர்க்க முடியுமா என்று வரவு செலவுத் திட்டம் போடும்போதே கேளுங்கள். கட்டடத்திலும் கருவிகளிலும் ஜப்பான் கொடியும் ‘ஜப்பான் மக்களிடமிருந்து’ என்ற வாசகமும் தாங்கிய பலகையோ ஒட்டுவில்லையோ வைக்க வேண்டும். அந்நாட்டு மக்களின் வரிப்பணம் அது என்பதால், பலகையைச் சுவரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைப்பதே முறை.

இந்தியச் சட்டத்தின் கடமை இதோடு தனியே தொடர்கிறது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் 31க்குள், எஃப்.சி.-4 படிவத்தில் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மானியம் வராத ஆண்டிலும், பதிவு இருக்கும் வரை, ‘வரவு இல்லை’ என்று தாக்கல் செய்தாக வேண்டும். பல அமைப்புகள் பதிவை இழந்ததற்கு இந்தச் சிறு கவனக்குறைவும் ஒரு காரணம். பதிவு இரத்தானால் வெளிநாட்டு நிதியில் உண்டான சொத்து அரசு நியமிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போய்விடும் என்பதால், கட்டி முடித்த கழிப்பறையும் வாங்கிய வண்டியும் பாதுகாப்பாக இருப்பதற்கு இந்தப் படிவமும் தேவை.

திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுகள் அளவில் தூதரகத்திலிருந்து மீண்டும் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அதற்குள் பொறுப்பாளர்கள் மாறியிருக்கலாம், பள்ளித் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போயிருக்கலாம். ஆகவே சொத்துப் பதிவேடு, பராமரிப்புச் செலவுப் பதிவேடு, ஒப்பந்தத்தின் நகல் மூன்றையும் அமைப்பின் அலுவலகத்தில் ஒரு படியும், பொருள் இருக்கும் இடத்தில் ஒரு படியுமாக வைத்திருங்கள். மானியத்தில் வாங்கியதை விற்கவோ வாடகைக்கு விடவோ வேறு பணிக்குத் திருப்பவோ அப்போதும் தூதரகத்தின் ஒப்புதல் வேண்டும். முதல் ஆண்டில் விண்ணப்பம் ஏற்கப்படாமல் போனவர்கள், எந்தப் பகுதியில் குறை என்று பணிவோடு கேட்டு எழுதலாம். விரிவான விடை வராவிட்டாலும், விலைப்புள்ளிகளைப் புதுப்பித்து, பராமரிப்புக்கான உறுதிக் கடிதங்களைச் சேர்த்து, அடுத்த அறிவிப்புக்கு மறுபடியும் அனுப்பலாம். ஒருமுறை ஏற்கப்படாதது அடுத்த விண்ணப்பத்துக்குத் தடையாகாது.